அம்மாவைப் படிக்க அனுப்புகிறவன் எழுதுவது

இந்த வீட்டாருக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது: நம் ஃபிரிட்ஜின் கதவில் கடைசியாகத் தங்கியிருந்த முட்டை, இன்று ஞாயிற்றுக்கிழமை காலை, ஆம்லெட் ஆகும் முயற்சியில் நம்மை விட்டுப் பிரிந்தது. அன்னாரின் ஓட்டில் ஒரு பகுதி வாணலியிலும் மறு பகுதி அடுப்புக்குப் பின்னாலும் நல்லடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மாலைக்குப் பதிலாக அரை டஜன் வாங்கிவந்தால் போதும். இது பகிரங்கக் கடிதம். மேற்படி ஃபிரிட்ஜின் கதவிலேயே ஒட்டப்படுகிறது. அப்பாவும் படிக்கலாம், கீழ்வீட்டு ரெஜின் ஆன்ட்டி தயிருக்கு உறைமோர் கேட்டு வந்தால் அவரும் படிக்கலாம்.

அன்பு மகளே! இப்படிக் கூப்பிட்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு "யார்ரா மகளு?" என்று நீ கேட்பது இங்கேயே காதில் விழுகிறது. நீதான் அம்மா. பதினாறு வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பெற்றவள் நீ, பெற்றோர் நான். இந்தப் பதவியை நானாகப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நீ எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் சேர்ந்த அன்று அந்த அட்மிஷன் கவுன்டரில் கொடுத்தார்கள். நான் அப்போது ஒன்பதாவதுதான், உயரம் மட்டும் காலேஜ். நம் முறை வந்ததும் கவுன்டர்காரர் என்னைப் பார்த்து, "சர்டிபிகேட்லாம் குடு தம்பி. அம்மா, நீங்க அந்தப் பக்கம் போங்க, பேரன்ட்ஸ்லாம் அங்கதான் உக்காரணும்" என்றார். நீ நகரவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான்தான் சார் ஸ்டூடன்ட்" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், சர்டிபிகேட்டைப் பார்த்தார், அப்புறம் என்னிடம், "அப்ப நீ யாரு?" என்றார். "கார்டியன் சார்" என்றேன். பின்னால் வரிசையில் நின்றதுகள் எல்லாம் சிரித்தன. அவர் சிரிக்காமல் பெற்றோர் நாற்காலியைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "உங்களுது பொண்ணா, பையனா?" என்று கேட்டார். "பொண்ணு" என்றேன். "பத்தரமா பாத்துக்கணும்பா, காலம் நல்லால்ல" என்றார். அன்றிலிருந்து பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு. கடைசி செமஸ்டர் பிராஜெக்டுக்கு ஐதராபாத்தில் ஒரு லேபில் உனக்கு ஆறு மாதம் இடம் கிடைத்திருக்கிறது, வருகிறாயா இல்லையா என்று நாளை திங்கட்கிழமைக்குள் உன் மேடத்திடம் சொல்ல வேண்டும். இந்த இரண்டு சேதிகளையும் நீ அப்பளம் பொரித்துப் போடுகிற மாதிரி சொல்லிவிட்டு, "நான் வரலன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். இங்கயே எதனா சின்னதா பண்ணிக்கறேன்" என்றாய். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ போ. பையன நான் பாத்துக்கறேன்" என்றார். "நீங்க பாத்துக்கறத நான் பாத்திருக்கேன். விடியக்கால மூணு மணிக்கெல்லாம் தேங்காய்த்திட்டுக்கு ஐஸ் பிளான்ட் வேலைக்குக் கெளம்பிடுவீங்க. இவன யாரு எழுப்பறது?" "அலாரம் எழுப்பும்." "அலாரத்த யாரு எழுப்பறது? அத அமுக்கித் தூங்க வச்சுட்டுத்தான் இவன் தூங்குவான்." நான் மார்பைத் தட்டிக்கொண்டு, "நான் இப்ப சமைக்கவே கத்துக்கிட்டேன், எழுந்திருக்க மாட்டேனா?" என்றேன். நீ ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆமா. போட்டோ பாத்தேனே" என்று சொல்லி ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வையின் அர்த்தம் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அப்புறம் நீ எழுந்து கை கழுவப் போய்விட்டாய். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மகளே, போக விருப்பமில்லாதவள் கையை அவ்வளவு நேரம் கழுவ மாட்டாள். ஆகையால் பெற்றோர் என்ற முறையில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: நீ போகிறாய். போகிற பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதிகளை இப்போது சொல்லப்போகிறேன். நடுவில் குறுக்கே பேசக்கூடாது. கடிதத்தில் பேச முடியாது என்பது ஒரு வசதி.

முதல் புத்திமதி, எதையும் இரண்டு இடத்தில் வை. உன் முதல் செமஸ்டரில் ஒரு சாயங்காலம் நான் டியூஷன் முடிந்து வந்தபோது, நீ விளக்குகூடப் போடாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாய். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அதைவிட வெளுத்த உன் முகம். "இன்னாம்மா, கரண்ட் இல்லியா?" என்றேன். "எல்லாம் போச்சுடா" என்றாய். வேண்டாத ஒரு வகைக் கோப்புகளை மட்டும் அழிக்கச் சொல்லிக் கட்டளை எழுதியிருக்கிறாய். அதில் நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில் உன் கட்டைவிரல் தெரியாமல் ஓர் இடைவெளியைத் தட்டியிருக்கிறது. அந்த இடைவெளி விழுந்துவிட்டால் நட்சத்திரத்துக்கு 'இங்கே இருக்கிற எல்லாம்' என்று அர்த்தமாகிவிடுமாம். கணினி உன்னை மாதிரி "எதுக்கு, ஏன், யார்கூட?" என்றெல்லாம் கேட்கிற சாதியில்லை. சொன்னதும் துடைத்துவிட்டது, ஒரு வார வேலை காலி. நான் ஆறுதலாக, "என் ரூம சுத்தம் பண்ண இத்தன வருஷமா கத்துறியே, அதுக்கும் ஒரு நட்சத்திரம், ஒரு இடைவெளி போடேன்" என்றேன். தலையணை பறந்து வந்தது. தலையணைக்குப் பின்னால் சிரிப்பும் வந்தது. அடுத்த வாரமே அஞ்சறைப் பெட்டியில் ஏலக்காய் இருந்த அறையைக் காலி செய்து, அங்கே ஒரு பென்டிரைவை வைத்தாய். உன் வகுப்பிலேயே சீரக வாசனை வீசும் டி.என்.ஏ. உன்னிடம்தான் இருக்கும். ஐதராபாத்துக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி கொண்டு போ. ஏலக்காயை இங்கே விட்டுவிடு, எங்களுக்குப் பாயசம் வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது புத்திமதியைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உன்னை ஒப்பிட்டுப் பார்க்காதே. இதைச் சொல்கிறவன் ஒப்பிட்டவன். புரோகிராமிங் பேப்பரில் நீ கரையேறி நின்ற அன்று, அதாவது கரை மட்டும் ஏறி நின்ற அன்று, நான் சோபாவில் காலை ஆட்டிக்கொண்டு, "பக்கத்து சீட்டுப் பொண்ணு எவ்ளோ?" என்று கேட்டேன். என் ஒவ்வொரு மார்க் ஷீட்டுக்கும் என் பெஞ்சுக்காரனை இழுத்து "ஜாவித் எவ்ளோ?" என்று நீ கேட்டாயே, அந்தப் பாக்கியை வட்டியோடு தீர்க்கிறேன் என்று நினைப்பு. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம். நீ திட்டியிருந்தால் சரியாகப் போயிருக்கும். "அது தொண்ணூறுக்கு மேல எடுத்துது" என்று மட்டும் சொல்லிவிட்டு, துணி மடிக்க ஆரம்பித்தாய். என் சட்டையைத்தான் மடித்தாய். அந்தச் சட்டையை எனக்குப் போட்டுக்கொள்ளவே பிடிக்கவில்லை. அதற்கப்புறம் நீ ஜாவித் மார்க்கைக் கேட்டதே இல்லை. நான் அவனைவிட அதிகம் எடுத்த அந்த ஒரே ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆகவே மகளே, அங்கே லேபில் எல்லாரும் என் அண்ணன் அக்கா வயசில் இருப்பார்கள். எதிரில் அக்கா என்பார்கள், நீ போனதும் ஆன்ட்டி என்பார்கள். சந்தேகம் கேட்க வெட்கப்படாதே. அவர்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். பதினைந்து வருஷம் ரத்தப் பரிசோதனை லேபில் ஊசி குத்தியவள் நீ. அவர்கள் எழுத்தாக மட்டும் பார்க்கிற ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு முகம் இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

மூன்றாவதாகச் சொல்வது புத்திமதி இல்லை, பெருமை. நான் உன்னால் உலகறிய அவமானப்பட்ட நாளைப் பற்றியது. போன வருஷம் பயாலஜி ரெகார்டில் செம்பருத்திப் பூ வரையச் சொன்னார்கள். ஆல்பர்ட், ஜாவித், நான் மூவரும் வரைந்தோம். மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறது, யார் யாரைப் பார்த்து வரைந்தது என்று டீச்சர் கேட்டார். மூவருமே சொந்தம் என்று சாதித்தோம். வீட்டிலிருந்து ஆள் வரச் சொன்னார்கள். ஆல்பர்ட் வீட்டில் யாரும் ஊரில் இல்லை. ஜாவித்தின் அத்தா கடையைப் பூட்டிவிட்டு வந்து, "எம்புள்ள காப்பி அடிக்கிற புள்ள இல்ல டீச்சர்" என்றார். நீ, "அந்த ரெகார்டுங்கள கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி மேஜைமேல் வரிசையாக வைத்தாய். ரேஷன் கடை வரிசையைத் தவிர வேறு வரிசை அறியாத எனக்கு அன்றைக்குத்தான் நீ என்ன படிக்கிறாய் என்று தெரிந்தது. "ஆல்பர்ட் பூவுல ஆறு இதழ் இருக்கு. செம்பருத்திக்கு அஞ்சுதான். ஜாவித் பூவுலயும் ஆறு, அதுக்கு மேல ரெண்டு உறுப்போட பேரு எடம் மாறியிருக்கு. எம்புள்ள பூவுலயும் ஆறு இதழ், அதே ரெண்டு பேரு அதே மாதிரி மாறியிருக்கு, அதுக்கும் மேல இது ஒண்ணு" என்று விரலை வைத்தாய். நீ விரல் வைத்த இடத்தில் நான் காலெல்லாம் போட்டு அழகாக ஓர் உறுப்பை வரைந்து, பூவடிச் செதில் என்று பெயரும் எழுதியிருந்தேன். ஜாவித் ரெகார்டில் அதே இடத்தில் ஓர் எறும்பு நசுங்கிக் கிடந்தது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். நீ அவர்களுக்குச் சொன்னதை நான் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்: "சரியான பதில மூணு பேரும் எழுதியிருந்தா அதுல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது டீச்சர். நெஜப் பூவப் பாத்தா எல்லாருக்கும் அஞ்சுதான் வரும். ஒரே தப்பு மூணு பேர்கிட்ட இருந்தாத்தான் அது ஒருத்தர்கிட்டேர்ந்து வந்திருக்கு. காப்பி ஆக ஆக தப்பு கூடிக்கிட்டே போவும். அத வச்சு யாரு மொதல்ல, யாரு கடசின்னு சொல்லிடலாம்." ஜாவித்தின் அத்தா கவலையோடு, "அப்ப எம்புள்ள நடுவுல இருக்கானாம்மா?" என்றார். "ஆமா பாய்." "கடசி இல்லல்ல?" "கடசி எம்புள்ளதான் பாய்." அவர் நிம்மதியாகத் தாடியைத் தடவிக்கொண்டார். வெளியே வந்ததும் நீ என் காதைத் திருகுவாய் என்று எதிர்பார்த்துக் காதைத் தயாராக வைத்திருந்தேன். நீயோ கேட்டைத் தாண்டும் வரை அடக்கிவைத்திருந்து, "எறும்புக்குப் பேரு வச்சியேடா பாவி" என்று நடுரோட்டில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். அதே மாதிரி வேலைக்குத்தான் ஐதராபாத்தில் கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி எப்படிப் போனது என்று, கிருமி தன்னைத்தானே காப்பியடிக்கும்போது விடுகிற தப்புகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்கு என்று தெரிந்தால் நடுவில் கதவைச் சாத்தலாமாம். இந்த வேலைக்கு என்னைப் பெற்று வளர்த்தவளைவிடப் பொருத்தமான ஆள் யார்? பதினாறு வருஷமாக நீ கண்டுபிடிக்காத என் திருட்டு எது?

அதனால் வீட்டைப் பற்றிய கவலையை விடு. இங்கே ஓர் ஆண்பிள்ளை இருக்கிறான். காலையில் தானாக எழுவான், தண்ணீர் வரும் நேரம் அவனுக்குத் தெரியும், சமையல் அவனுக்குக் கைவந்த கலை. நீ மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குச் சென்னை போனாயே, அப்போது நான் சமைத்து உனக்குப் படம் அனுப்பினேனே. முதல் நாள் சாம்பார் சாதம், இரண்டாம் நாள் இட்லி சாம்பார், மூன்றாம் நாள் வடை போட்ட சாம்பார். மூன்று நாளும் மூன்று வகை. அங்கே உன்கூட வந்த பிள்ளைகளிடமெல்லாம் காட்டியதாகச் சொன்னாய். ஐதராபாத்தில் பிரியாணி சாப்பிடும்போது இந்தக் கையை நினைத்துக்கொள். பிரியாணி நன்றாக இருந்தால் ஜாவித்தின் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

இதோடு முடித்து, ஆசீர்வாதம் சொல்லிக் கையெழுத்துப் போடுவதாகத்தான் நேற்று வரை இருந்தேன். சாட்சிக்கு அந்த மூன்று படங்களையும் பிரின்ட் எடுத்துக் கடிதத்துக்குக் கீழே ஒட்டலாம் என்று காலையில் போனைத் திறந்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நீ மேஜைமேல் ரெகார்டுகளை வைத்த மாதிரி. வைத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று படத்திலும் ஒரே முருங்கைக்காய்த் துண்டு இருக்கிறது. ஒரு முனை கருகி, மறுமுனை பிளந்து, முதல் நாள் சாதத்தின் ஓரத்தில், இரண்டாம் நாள் இட்லிக்குப் பக்கத்தில், மூன்றாம் நாள் வடைமேல் சாய்ந்துகொண்டு. நான் முருங்கைக்காய் சாப்பிட மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அப்பா மூன்று நாளும் சாம்பாரை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போனார். யாரும் தொடாத அந்த முருங்கைக்காய் மூன்று நாளும் ஊர்வலம் வந்திருக்கிறது. அது போதாதென்று மூன்று படத்திலும் கறுப்புக் கறுப்பாகச் சுருண்டு மிதக்கிறதே, அது தாளிப்பு வடகம். அந்த வாசனை உனக்கு ஆகாது என்று நம் வீட்டில் வடகம் வாங்கியதே கிடையாது.

ஆமாம். அது ரெஜின் ஆன்ட்டி வீட்டுச் சாம்பார். ஒரே குண்டான், மூன்று நாள் சூடு பண்ணியது. இட்லியும் வடையும் முனைக்கடை. அப்பா வாய் திறக்காததற்குக் காரணம் என்மேல் இருக்கும் பாசம் இல்லை, வடகத்தின்மேல் இருக்கும் பாசம். வெள்ளிக்கிழமை நீ பார்த்த பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. நீ முதல் படத்திலேயே கண்டுபிடித்திருப்பாய். விட்டுப் போனால் இவன் பட்டினி கிடந்துகொண்டே சாப்பிட்டேன் என்று படம் அனுப்புவான் என்றுதான் நீ வரவில்லை என்று சொல்லப்போகிறாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியை அலாரத்தின்மேல் போட்டாய்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்னாலேயே கீழே போய் ஆன்ட்டியிடம் கேட்டேன். "ஆறு மாசத்துக்கு சாம்பார் குடுக்க முடியாது. வேணும்னா கத்துக் குடுக்கறேன். தெனம் சாயங்காலம் வந்து நிக்கணும், போன கீழ வச்சுட்டு வரணும். கொம்ப்ரி?" என்றார். பிரான்சிலிருந்து வருகிற அவர் பேரப்பிள்ளைகள் இந்த பிரெஞ்சு மிரட்டலைக் கேட்டால் ஓடிவிடுவார்கள். நான் ஓடவில்லை. "புரிஞ்சுது ஆன்ட்டி" என்றேன். மேலே வந்த வேகத்தில் நானாக ஒன்று செய்து பார்க்கலாம் என்று முட்டையை எடுத்தேன். மீதி உனக்குத் தெரியும், மேலே முதல் பத்தியில் இரங்கல் அறிவிப்பாக வந்திருக்கிறது. ஆனால் அம்மா, எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டு, ஓட்டோடு உடைத்து, உப்புக்குப் பதில் ஆப்ப சோடாவைப் போட்ட ஆம்லெட் புதுச்சேரியிலேயே வேறு யாரிடமும் இருக்காது. நீ எந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒத்துப்போகாது. இது நான் யாரையும் பார்த்துச் செய்யாத தப்பு. ஆறு மாதமும் இப்படி என் சொந்தத் தப்பைத்தான் படம் எடுத்து அனுப்புவேன்.

நாளைக்கு மேடத்திடம் வருகிறேன் என்று சொல்லிவிடு. பெற்றோர் சொல்கிறேன். வாணலி ஊறிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்து மனசு மாறாதே, நானே தேய்த்துவிடுவேன். எதைப் போட்டுத் தேய்த்தால் போகும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ.